காத்துப் பெட்டிக்கான நோட்டு

செப்டம்பர் 25, புதன்

டாக்டர் அம்மாவுக்கு, முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். தேதி, ஓடிய நேரம், கழுவியது என்று மூன்று கட்டம் மட்டும் போடச் சொன்னீர்கள். நான்காவதாகக் ‘குறிப்பு’ என்று ஒன்றை நானாகப் போட்டேன். அது முதல் நாளே கட்டத்தை விட்டு வெளியே வந்துவிட்டது. நேற்று உங்கள் அறையில் நான் ஒரு வார்த்தையும் பேசவில்லை. வீட்டில் படித்தவர் யார் என்று நீங்கள் கேட்டபோது அப்பா என்னைக் காட்டி, “எம்புள்ளைங்க. எங்க வகையறாவுலயே மொத டிகிரி” என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். பேச வராதவர்கள் எழுத உட்கார்ந்தால் நீளமாகிவிடுகிறது. வேண்டாத வரிகளைத் தாண்டிப் போய்விடுங்கள்.

நீங்கள் சொன்னதை மறக்காமல் இருக்க எழுதிவைக்கிறேன். அப்பா தூங்கும்போது தொண்டை மூடிக்கொள்கிறது. ஒரு மணி நேரத்தில் நாற்பத்தொரு முறை மூச்சு நிற்கிறது. அதனால்தான் பகலில் உட்கார்ந்த இடத்தில் கண் சொருகுகிறது. இந்த மெஷின் மூக்கில் மாட்டும் மாஸ்க் வழியாகக் காற்றை ஊதித் தொண்டையைத் திறந்து வைக்கும். இந்த ஒரு மாதத்தில் பாதி நாளாவது நான்கு மணி நேரம் ஓடியிருந்தால், அக்டோபர் 25 அன்று, லாரி ஓட்டலாம் என்று அப்பாவுக்குக் கடிதம் தருவீர்கள்.

ஓடிய நேரம்: 1 மணி 10 நிமிடம்.

செப்டம்பர் 26, வியாழன்

0 மணி 50 நிமிடம். மாஸ்க்கின் சிலிக்கோன் விளிம்பை வெதுவெதுப்பான தண்ணீரில் குழந்தைகள் சோப்புப் போட்டுக் கழுவினேன். காற்றை ஈரமாக்கும் தண்ணீர்த் தொட்டியில் இருந்த மிச்சத்தைக் கொட்டித் துடைத்துக் கவிழ்த்தேன்.

தொட்டிக்கு டிஸ்டில்டு வாட்டர் வேண்டும் என்றதும் அப்பா சைக்கிளில் போய் லாரி சாமான் கடையிலிருந்து பேட்டரித் தண்ணீர் வாங்கி வந்துவிட்டார். “வண்டிக்கு ஊத்துனதத்தான் டிரைவருக்கும் ஊத்தோணும். ரெண்டும் ஒரே மாடல்” என்றார். அந்தக் கடையில் ஆசிட் கேனும் அதே அலமாரியில்தான் இருக்கும். நான் மருந்துக் கடைக்குப் போய் வேறு வாங்கிவந்தேன். ஆனியில் நடந்த லாரி விபத்துக்குப் பிறகு அப்பா சிரித்து இன்றுதான் பார்த்தேன்.

செப்டம்பர் 27, வெள்ளி

0 மணி 35 நிமிடம்.

ஏன் கழற்றிவிடுகிறார் என்று கேட்டேன். “காத்து லீக்காவற சத்தம் கேட்டா எந்த டிரைவர் அம்மணி தூங்குவான்? வண்டிய ஓரங்கட்டிட்டு எறங்கிப் பாப்பான்” என்றார். நாம் விடும் மூச்சு வெளியே போக மாஸ்க்கில் சின்னச் சின்னத் துளைகள் இருக்கின்றன. அதில் எப்போதும் ஸ்ஸ் என்று சத்தம் வரும். அது லீக் இல்லை என்று கையேட்டின் பன்னிரண்டாம் பக்கத்தைத் தமிழில் படித்துக் காட்டினேன். போலீஸ்காரர் பேசும்போது தலையாட்டுவதுபோல் ஆட்டினார்.

செப்டம்பர் 29, ஞாயிறு

0 மணி 30 நிமிடம். வாரக் கழுவல். தொட்டியை வினிகர் கலந்த தண்ணீரில் அரை மணி ஊறவைத்தேன். குழாயை உள்ளே சோப்புத் தண்ணீர் ஓடவிட்டு அலசி, வெயில் படாத கொடியில் தொங்கவிட்டேன். சாம்பல் நிற வடிகட்டியை அலசிப் பிழிந்தேன்.

நல்லம்மா அத்தை வந்தார். அப்பாவின் தங்கை. பின்தெருவில் வீடு. “இதென்ன சாமி, பாம்புச் சட்டையாட்டந் தொங்குது?” என்று குழாயைத் தொட்டுப் பார்த்தார். அப்பாவுக்குக் கொள்ளுப் பருப்பு கொண்டுவந்திருந்தார். தினமும் ஏதாவது கொண்டுவருவார். அவர் கொண்டுவருவதை அப்பா நிமிர்ந்து பார்க்காமல் சாப்பிடுவார்.

அத்தைக்கு ஒரே மகன், லோகநாதன். எல்லோருக்கும் லோகு. அப்பாவின் லாரியில் இரண்டாவது டிரைவர். கர்நாடகத்தில் சித்ரதுர்காவுக்கு முன்னால், விடியும் நேரத்தில், ஓரமாக நின்றிருந்த டிரெய்லரில் லாரி மோதியது. இடது பக்கம் முழுவதும் நசுங்கிவிட்டது. இடது பக்கம்தான் லோகு உட்கார்ந்திருந்தார். டயர் வெடித்துவிட்டது என்று அப்பா சொன்னார். எல்லோரும் நம்பினார்கள். நேரில் நான் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எழுத்தில்தான் இப்படி.

போகும்போது அத்தை என் முகவாயைப் பிடித்துக்கொண்டு, “உனக்குன்னு வெச்சிருந்தனே சாமி. ஆவணில பேசி முடிக்கலாம்னு இருந்தனே” என்றார். அத்தை அப்படித்தான் பேசுவார். அதற்குள் குழாய் காய்ந்துவிட்டது. எடுத்து மாட்டினேன்.

செப்டம்பர் 30, திங்கள்

0 மணி 12 நிமிடம். அப்பா ஒன்று சொன்னார். அதை இந்த நோட்டில் எழுத முடியாது.

அக்டோபர் 1, செவ்வாய்

0 மணி 20 நிமிடம்.

லாரி முதலாளி போன் செய்தார். ஆயுத பூஜைக்குப் புது வண்டி வருகிறது. டாக்டர் கடிதம் வந்துவிட்டால் தீபாவளி கழித்து முதல் லோடு அப்பாவுக்குத்தான், இருபத்தேழு வருஷ டிரைவரை விட மனசில்லை என்றாராம். அப்பா முகச்சவரம் செய்துகொண்டார். இத்தனை நாள் தெருப்பக்கம் ஜன்னலைச் சாத்தியே வைத்திருந்தவர், இன்று திறந்துவிட்டார்.

அக்டோபர் 2, புதன்

4 மணி 10 நிமிடம். மாஸ்க், தொட்டி கழுவினேன்.

அக்டோபர் 3, வியாழன்

4 மணி 5 நிமிடம். கழுவினேன்.

அக்டோபர் 4, வெள்ளி

4 மணி 20 நிமிடம். அப்பா பழகிக்கொண்டார்.

அக்டோபர் 5, சனி

4 மணி 15 நிமிடம்.

அம்மா முட்டைக் கிடங்கில் தட்டு அடுக்கும் வேலைக்குப் போகிறார். பத்து மணிக்குப் போனால் ஆறு மணிக்கு வருவார். இன்று மாலை எனக்கு முன்னால் அவரே மாஸ்க்கைக் கழுவ எடுத்தார். முகர்ந்து பார்த்துவிட்டு, “பவுடர் வாசம் அடிக்குதே. உங்கப்பன் எந்தக் காலத்துல பவுடர் போட்டாரு?” என்றார். சோப்பு வாசம் என்றேன். என் மூக்குத் தண்டில் சிவப்பாகக் கோடு விழுந்திருப்பதைப் பார்த்தார். கண்ணாடித் தழும்பு என்றேன். படிக்கும்போது மட்டும்தான் நான் கண்ணாடி போடுகிறேன். இந்த ஒரு வாரமாக நான் எதையும் படிக்கவில்லை என்பதும் அம்மாவுக்குத் தெரியும். மாஸ்க்கைக் கழுவி, துடைத்து, என் கையில் கொடுத்துவிட்டு அரிசி களையப் போனார்.

அக்டோபர் 6, ஞாயிறு

4 மணி. வாரக் கழுவல். பவுடர் போடுவதை நிறுத்திவிட்டேன்.

அக்டோபர் 8, செவ்வாய்

4 மணி 10 நிமிடம்.

குப்புராஜ் என்பவர் அப்பாவைப் பார்க்க வந்தார். புது வண்டியில் அப்பாவுக்கு இரண்டாவது டிரைவராக முதலாளி இவரைப் போட்டிருக்கிறார். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். போன மாதம் பெண் குழந்தை பிறந்திருக்கிறதாம். போனில் படம் காட்டினார். தொப்பி போட்டுக்கொண்டு தூங்கும் படம். “படிச்ச புள்ள நீங்க. பாப்பாவுக்கு நல்ல பேரா ஒண்ணு சொல்லுங்க. ஆளாளுக்கு வாயில நொழையாத பேரா வெக்கச் சொல்றாங்க” என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

எழுந்திருக்கும்போது அப்பாவிடம், “அங்கமுத்தண்ணங்கூடப் போனா நான் நிம்மதியாத் தூங்குவேனுங்க. ஸ்டியரிங்கு யாரு கையில இருக்குதுன்னு எழுந்து எழுந்து பாக்க வேண்டியதில்ல” என்றார். அப்பாவும் சிரித்தார். பிறகு தண்ணீர் குடிக்க உள்ளே போனவர் அவர் போகும்வரை வெளியே வரவில்லை.

அக்டோபர் 11, வெள்ளி

ஆயுத பூஜை. அம்மா ஸ்பேனர் செட், ஜாக்கி லீவர், அரிவாள்மனை, என் சான்றிதழ் உறை எல்லாவற்றையும் மணையில் வைத்தார். கடைசியில் மெஷினையும் தூக்கிவந்து வைத்தார். எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். மெஷினுக்கு எங்கே வைப்பது என்று சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, பின்பக்கம் கட்டம் கட்டமாக இருந்த இடத்தில் அழகாக மூன்று பொட்டு வைத்தார். அதுதான் காற்று உள்ளே போகும் வழி. நான் சொல்வதற்குள் சாம்பிராணியும் காட்டிவிட்டார்.

பூஜையில் வைத்ததை மறுநாள் காலைவரை எடுக்கக் கூடாது என்றார். இது ஆயுதம் இல்லை அம்மா, மருந்து என்றேன். அப்பா உடனே, “மருந்தும் ஆயுதந்தான் அம்மணி. ஒரு நாளைக்கு ஓய்வு குடு” என்றார்.

ஓடிய நேரம்: 0.

அக்டோபர் 12, சனி

காலையில் வடிகட்டியைத் திறந்தேன். சந்தனம் காய்ந்து அடைத்திருந்தது. குங்குமம் உள்ளே இறங்கியிருந்தது. அதை எறிந்துவிட்டுப் புதிது போட்டேன். ஈரத்துணியால் துளைகளைத் துடைத்தேன்.

பிறகு புது லாரி பூஜைக்குப் போனோம். அதைப் பற்றி இன்று எழுத வரவில்லை.

அக்டோபர் 13, ஞாயிறு

4 மணி 10 நிமிடம்.

அக்டோபர் 15, செவ்வாய்

4 மணி 5 நிமிடம்.

லாரிப் பட்டறையில் நடந்ததை எழுதிவிடுகிறேன். வாழைக்கன்று கட்டி, சாமந்தி மாலை போட்டு, பத்துச் சக்கர வண்டி நின்றிருந்தது. முன் சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம். பூசாரி ஆரத்தி முடித்துக் கையசைத்ததும் பழத்தை நசுக்கிக்கொண்டு வண்டியை நகர்த்த வேண்டும். “அங்கமுத்தண்ணன் கைராசி, அவரே எடுக்கட்டும்” என்று முதலாளி சொன்னார். அப்பா சக்கரத்தைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு ஏறினார். மேலிருந்து என்னைப் பார்த்து, “ஏறு அம்மணி” என்றார். நான் ஏறி இடது பக்கம் உட்கார்ந்தேன்.

எதிரே முதலாளியின் மனைவி ஆரத்தித் தட்டோடு நின்றிருந்தார். மணி அடித்தது. ஒலிபெருக்கியில் பாட்டு. என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. அந்த இடம் கொஞ்சம் சரிவு. கையால் போடும் பிரேக்கை எடுத்துவிட்டு, அப்பா காலால் மிதித்துப் பிடித்திருந்தார். நான் அவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கண் மெதுவாக மூடியது. வாய் திறந்தது. மூச்சு நின்றது. எண்ணுவது எனக்குப் பழகிவிட்டது. ஒன்பதுவரை எண்ணினேன். வண்டி நகர்ந்தது.

எலுமிச்சம்பழம் நசுங்கியது. முதலாளியின் மனைவி பின்னால் தாவினார். தட்டு விழுந்தது. அவர் முந்தானைக்கும் பம்பருக்கும் நடுவில் ஒரு சாண்கூட இல்லை. அப்பா என்று கத்தினேன். அவர் பிரேக்கை அழுத்தினார்.

எல்லோரும் சிரித்தார்கள். “அண்ணனுக்கு அவசரத்தப் பாரு. நாலு மாசமா வண்டி தொடாத வெறி” என்று யாரோ சொன்னார்கள். அப்பாவும் சிரித்து, “பிரேக்கு புதுசுங்க, கால் பழகல” என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். நான் பார்த்தேன் என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. என் குரல் கேட்டுத்தான் அவர் விழித்தார். அன்றைக்கு சித்ரதுர்காவிலும் இதே இடது இருக்கையிலிருந்து ஒருவர் மாமா என்று கூப்பிட்டிருப்பார்.

அக்டோபர் 17, வியாழன்

4 மணி 15 நிமிடம் என்று திரையில் இருக்கிறது.

டாக்டர் அம்மா, அக்டோபர் 2 முதல் நான் எழுதிய நேரங்கள் அப்பாவுடையவை அல்ல. மதியம் ஒரு மணியிலிருந்து ஐந்து மணிவரை மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு படுத்திருப்பது நான். அந்தப் பக்கங்களில் ஆயுத பூஜை அன்று எழுதிய பூஜ்யம் ஒன்றுதான் உண்மை.

அப்பா என்னைக் கேட்கவில்லை. முதல் நாள் நான் மாஸ்க்கை எடுத்து மாட்டிக்கொண்டபோது பார்த்தார். பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்துக்கொண்டு போய் வாசலுக்குக் குறுக்கே போட்டு, யாரும் உள்ளே வராமல் உட்கார்ந்துகொண்டார். அதிலிருந்து தினமும் அப்படித்தான். அங்கே உட்கார்ந்தபடியே தூங்கிவிடுவார். எனக்கு எந்தக் குறையும் இல்லாத மூக்கில் மெஷின் காற்றை ஊதிக்கொண்டிருக்கும். பத்தடி தள்ளி அவர் மூச்சு நின்று நின்று வரும். நான் எண்ணிக்கொண்டு படுத்திருப்பேன்.

செப்டம்பர் 30 அன்று அவர் சொன்னதையும் எழுத வேண்டும். காலையில் நான் குழாயைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அப்பா பக்கத்தில் வந்து குத்தவைத்து உட்கார்ந்தார். “டயரு வெடிக்கல அம்மணி” என்றார்.

நான் துடைப்பதை நிறுத்தவில்லை. நிறுத்தினால் அவரும் நிறுத்திவிடுவார் என்று தோன்றியது.

மோதிய பிறகு அவர் கால் சிக்கிக்கொண்டது. ஒன்றரை மணி நேரம் யாரும் வந்து வெளியே எடுக்கவில்லை. காற்று டேங்கிலிருந்து பிரேக்குக்குப் போகும் குழாய் விரிசல் விட்டு, ஸ்ஸ் என்று காற்று போய்க்கொண்டே இருந்தது. பக்கத்தில் லோகுவின் மூச்சும் அதே சத்தத்தில் போய்க்கொண்டிருந்தது. “எது டேங்கு காத்து, எது அவன் மூச்சுன்னு பிரிக்கத் தெரியல. டேங்கு தீந்து சத்தம் நின்னுச்சு. அப்பத்தான் தெரிஞ்சுது, இன்னொண்ணு எப்பவோ நின்னுருக்குதுன்னு” என்றார். மாஸ்க்கைப் போட்டால் அந்த ஒன்றரை மணி நேரம் திரும்ப ஓடுகிறதாம்.

அதனால்தான் நான் போட்டுக்கொண்டேன். எனக்கு அந்தச் சத்தம் தொந்தரவாக இல்லை. லோகு கடைசியாகக் கேட்டது அதைத்தான் என்றால் அதை நானும் கேட்கலாம். நான்கு மணி நேரம் முடிந்த பிறகும் சில நாள் கழற்றாமல் படுத்திருக்கிறேன். இதற்கு மேல் வேண்டாம்.

அக்டோபர் 20, ஞாயிறு

வாரக் கழுவல். எல்லாம் காய்ந்த பிறகு, இன்று நான் போட்டுக்கொள்ள மாட்டேன் என்று அப்பாவிடம் சொன்னேன். அவரை எதிர்த்து நான் பேசிய முதல் வார்த்தை அது. அவர் வந்து படுத்தார். காதில் பஞ்சு வைத்தேன். டிவியைச் சத்தமாக வைத்தேன். மாஸ்க்கை மாட்டி, பட்டையை மெதுவாக இறுக்கினேன். என் கையைப் பிடித்துக்கொண்டார்.

பதினோரு நிமிடம் இருந்தார். கண்ணீர் மாஸ்க்கின் விளிம்புக்குள் இறங்கியதும் பிடிப்பு விட்டுச் சத்தம் இன்னும் பெரிதாகிவிட்டது. பிடுங்கி எறிந்தார். பிறகு அவரே போய் எடுத்து, உடைந்திருக்கிறதா என்று திருப்பித் திருப்பிப் பார்த்து, என்னிடம் கொடுத்து, “கோவிச்சுக்காத சாமி” என்றார்.

சத்தம் வராத வேறு மாஸ்க் இருக்கிறதா என்று உங்களைக் கேட்க வேண்டும். வேறு ஏதாவது வைத்தியம் உண்டா என்றும், இப்படிப்பட்டவர்கள் யாரிடமாவது போய்ப் பேசலாமா என்றும் கேட்க வேண்டும்.

ஓடிய நேரம்: 0 மணி 11 நிமிடம். இது அப்பாவுடையது.

அக்டோபர் 22, செவ்வாய்

நேற்றும் இன்றும் மெஷினை ஓட்டவில்லை. அப்பா நாற்காலியை எடுத்து வாசலில் போட்டுவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தார். நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். நாற்காலியைத் திரும்ப எடுத்துவந்து சுவரோரம் வைத்தார். “இத்தன நாள் ஓடுனது போதுமில்ல?” என்று கேட்டார். போதும் என்றேன்.

கையேட்டில் முப்பத்தொன்றாம் பக்கம் படித்தேன். மெஷினுக்குள் இருக்கும் சின்ன கார்டில் எத்தனை மணி ஓடியது என்பது மட்டுமல்லாமல் எப்போது ஓடியது என்பதும் பதிவாகுமாம். ஒரு மணி முதல் ஐந்து மணிவரை என்று வரிசையாக இருக்கும். பார்க்கிறவர் பார்த்தால் தெரியும். மொத்த மணியை மட்டும் பார்த்துவிட்டு மூடினால் தெரியாது.

குப்புராஜ் போன் செய்து, பாப்பாவுக்குப் பெயர் யோசித்தாயிற்றா என்று கேட்டார்.

அக்டோபர் 24, வியாழன்

மெஷினைக் கழுவித் துடைத்துப் பையில் வைத்தேன். கார்டு உள்ளேயே இருக்கிறது.

காலையில் அத்தை வந்து அப்பாவின் நெற்றியில் விபூதி பூசிவிட்டுப் போனார். கடிதம் கிடைக்க வேண்டும் என்று கோயிலுக்கு நடந்தே போய் வந்திருக்கிறார். “எங்கண்ணன் ஸ்டியரிங்கு புடிச்சாத்தான் மறுபடி மனுசனாவாரு. எம்பையனும் அதத்தான் நெனப்பான்” என்றார். அப்பா அத்தையின் கையை எடுத்துத் தன் கண்ணில் வைத்துக்கொண்டார். சொல்லிவிடப் போகிறார் என்று நினைத்தேன். சொல்லவில்லை.

நாளை இந்த நோட்டை அப்பாதான் உங்கள் மேசையில் வைப்பார். அவர் படிக்கமாட்டார். கன்னடம், தெலுங்கு, இந்தியில் இருக்கும் ஊர்ப்பலகைகளைக்கூட ஓடும் வண்டியிலிருந்து படித்துவிடுவார். நோட்டில் எழுதியதைப் படிக்கப் பொறுமை கிடையாது. மாலையில் கையில் வாங்கிப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். நீல மையில் நிறைந்திருப்பதைப் பார்த்து, “இத்தன எழுதியிருக்கறயே, டாக்டரம்மா அசந்துருவாங்க” என்றார். புதுச் சட்டையைத் தேய்த்து மாட்டியிருக்கிறார்.

இதுவரை கேட்காமல் வைத்திருந்ததை இப்போது கேட்கிறேன். அந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். அப்பா கும்பிடுவார். அழவும் செய்வார். அப்போதும் போடாதீர்கள். கார்டைப் பார்த்து நீங்களே கண்டுபிடித்ததாகச் சொல்லுங்கள். இந்த நோட்டைத் திறந்ததாகவே காட்டிக்கொள்ள வேண்டாம். உங்கள் அறையை விட்டு வெளியே வந்ததும் நானும் அவரும் பஸ்ஸில் ஒரே இருக்கையில் உட்கார்ந்து வீடு திரும்ப வேண்டும். அப்போது அவருக்கு நான் மகளாகவே இருக்க வேண்டும்.